அம்பாசிடர் டீசல் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது: பம்ப்பைக் கழற்றுவதா, டேப்பட்டைப் பார்ப்பதா?

கேள்வி – கானாடுகாத்தானிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சி வாங்கிய 1991ஆம் ஆண்டு அம்பாசிடர் டீசல் வண்டியை இன்றும் நாங்கள் வைத்திருக்கிறோம். 1489 சி.சி. கொள்ளளவுள்ள, பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பழைய எஞ்சின்தான் அதில் இருக்கிறது. பின்னாளில் வந்த இசுசு எஞ்சின் அல்ல. பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுபதிவு செய்து, காப்பீடும் கட்டி, முறையாகவே ஓட்டி வருகிறோம். வீட்டின் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. அங்குள்ள கொட்டகையில்தான் வண்டி நிற்கும். வாரத்துக்கு இரண்டு நாள் காரைக்குடிக்கும், மாதத்தில் ஒரு முறை திருமயத்துக்கோ தேவகோட்டைக்கோ போய் வருவதுதான் அதன் ஓட்டம்.

சென்ற ஆடி மாதம், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது. ஒரு பட்டறையில் கொடுத்து, ஹெட்டை இறக்கி, வால்வுகளை லேப்பிங் செய்து, அதாவது அவை உட்காரும் சீட்டோடு தேய்த்துப் பொருத்தி, புதிய கேஸ்கெட் போட்டு வாங்கினோம். முதல் மாதம் நன்றாகவே ஓடியது. அதன் பிறகு சிறிது சிறிதாக ஸ்டார்ட் ஆவது கடினமாகி, இப்போது காலையில், சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் போட்டு அரை நிமிடம் காத்திருந்து செல்ஃப் அடித்தாலும் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் பத்து நொடி இழுத்த பிறகுதான் பிடிக்கிறது. அதுவரை சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வந்து கொட்டகை முழுவதையும் மூடுகிறது. டீசல் நெடியில் கண் எரிகிறது. பிடித்த பிறகும் ஒரு நிமிடம் மூன்று சிலிண்டரில் ஓடுவதுபோல் குலுங்கி, பின்பு சீராகிறது. பிள்ளையார்பட்டி போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்து எடுத்தாலும், முன்பு சாவியைத் தொட்டவுடன் பிடித்த எஞ்சின் இப்போது தயங்குகிறது.

பேட்டரி புதிதாக மாற்றினேன், பலனில்லை. வேலை செய்த பட்டறையில் கேட்டால், டீசலைத் தள்ளும் பம்ப்பும் அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில்களும் தேய்ந்துவிட்டன, இரண்டையும் கழற்றி மொத்தமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். ஆனால் ஹெட் வேலைக்குப் பிறகு எஞ்சின் முன்னைவிட மிகவும் அமைதியாகிவிட்டது; முன்பு வால்வுகளின் மேல் டக்டக்கென்று கேட்ட டேப்பட் சத்தம் இப்போது அறவே இல்லை. ஆகவே வால்வு வேலை நன்றாக நடந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பிள்ளையார் நோன்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து எல்லோரும் வருகிறார்கள், ஆயாவை இந்த வண்டியில்தான் அழைத்துப் போக வேண்டும். பம்ப்பைக் கழற்றக் கொடுக்கலாமா? அதற்கு முன்பு வீட்டிலேயே பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில் – காரைக்குடியில் பட்டறை வைத்திருப்பவர்

தம்பி, பம்ப்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் நல்ல அறிகுறி என்று எழுதியிருக்கிறீர்களே, டேப்பட் சத்தம் அறவே நின்றுவிட்டது என்று, என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். இந்த எஞ்சினில் டேப்பட் சற்றுச் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். சத்தம் போடும் டேப்பட்டால் காது வலிக்குமே தவிர, வால்வு எரியாது. சத்தமே இல்லாத டேப்பட்டில், வால்வின் தலைக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்னும் நெம்புகோலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி போய்விட்டது என்று பொருள். அதுதான் வால்வைத் தின்னும்.

காரணத்தைச் சொல்கிறேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அந்தச் சூட்டில்தான் டீசலைப் பற்ற வைக்கிறோம். உங்கள் எஞ்சின் காற்றை இருபத்து மூன்றில் ஒரு பங்காக இறுக்குகிறது. செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றும் நேரத்தில் வால்வு ஓர் இம்மி கசிந்தாலும் அந்த இறுக்கம் வெளியே போய்விடும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு வேகத்தில் கசிவதற்கு நேரம் போதாது, அதனால் ஓட்டத்தில் குறை தெரிவதில்லை. ஸ்டார்ட் ஆகத்தான் சிரமம், ஓடினால் சரி என்று வண்டிக்காரர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி, ஹெட் வேலைக்குப் பிறகு இடைவெளி ஏன் குறைந்தது என்பது. இந்த எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது. அதிலிருந்து புஷ் ராடு என்னும் கம்பி மேலே வந்து ராக்கரைத் தள்ளுகிறது. புதிய கேஸ்கெட் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் அமுங்கும். ஹெட் அந்த அளவு கீழே இறங்கும். புஷ் ராடின் நீளம் மாறாததால் ராக்கரின் அந்த முனை மேலே தூக்கப்பட்டு, மறுமுனை வால்வின் தலையை நெருங்கிவிடும். அதோடு, புதிதாக லேப்பிங் செய்த வால்வுகள் தங்கள் சீட்டில் படிந்து உட்காரும்போது வால்வுத் தண்டு மேலே ஏறும். அதுவும் இடைவெளியையே தின்னும். இரண்டும் சேர்ந்தால், அன்று சரியாக வைத்த இடைவெளியும் இரண்டு மாதத்தில் இல்லாமல் போகும். அதற்காகத்தான் ஹெட் வேலை செய்த வண்டியை 500 கிலோமீட்டரில் திரும்பக் கொண்டு வரச் சொல்லி, ஹெட் நட்டுகளை மீண்டும் முறுக்குப் பார்த்து, டேப்பட்டையும் மறுபடி வைக்கிறோம். உங்கள் வண்டிக்கு அது நடந்ததா?

வெள்ளைப் புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செல்ஃப் அடிக்கும்போது புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை என்று பொருள்; அப்போது பில்டர், பம்ப், காற்றுக் கோளாறு என்று தேடலாம். வெள்ளைப் புகை திரண்டு வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை, சூடு போதவில்லை. சூட்டைக் கொடுப்பவை மூன்று: ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் என்னும் காற்று இறுக்கம், செல்ஃப் சுற்றும் வேகம். ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பார்த்து எழுதுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் எத்தனை வோல்ட் நிற்கிறது? பத்து வோல்ட்டுக்கு அருகில் நின்றால் போதும். ஹீட்டர் பிளக்குகளின் மேல் உள்ள இணைப்பைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் பல்பு வழியாக ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். பல்பு எரியாத பிளக் செத்துப்போனது. ஏர் கிளீனரில் எண்ணெய்க் கிண்ணத்தையும் கழற்றிப் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதி அதில் சேறாகப் படிந்து மூச்சை அடைத்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அண்ணன் அவர்களுக்கு நன்றி. ஹெட் வேலைக்குப் பிறகு வண்டி 1,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நட்டுகளை மீண்டும் முறுக்கவும் இல்லை; டேப்பட் பார்க்கவும் இல்லை. அப்படியொன்று செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

செல்ஃப் அடிக்கும்போது 10.4 வோல்ட் நிற்கிறது. நான்கு ஹீட்டர் பிளக்குகளில் மூன்றாவது எரியவில்லை. நேற்று மாலை காரைக்குடியில் வாங்கி மாற்றினேன். இன்று காலை ஐந்து முறைக்குப் பதிலாக மூன்று முறையில் பிடித்தது. ஆனால் புகையும் குலுக்கலும் அப்படியே இருக்கின்றன. ஏர் கிளீனரில் நீங்கள் சொன்ன சேறு ஓரளவு இருந்தது. கழுவிப் புது எண்ணெய் ஊற்றினேன்.

பதில் – மதுரையில் டீசல் பம்ப் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்

பம்ப் வேலையிலேயே என் வாழ்நாள் போனது என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். மேலே பட்டறைக்காரர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனாலும் பம்ப்பை ஒதுக்கிவிடுவதற்கு முன்பு, செலவே இல்லாத இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். பிறகு மனத்தில் சந்தேகம் தங்காது.

முதலாவது, காற்று. இரவு நிற்கும் வண்டியில் எங்கேனும் ஒரு வாஷர் கசிந்தால் டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கி, குழாயில் காற்று நிற்கும். அதைத் தெரிந்துகொள்ள, காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன்பு, டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பின் கை நெம்புகோலை இருபது தடவை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் கோளாறு காற்று. வேறுபாடே தெரியாவிட்டால் காற்று இல்லை. இன்னும் உறுதியாக வேண்டுமானால், பில்டருக்கும் பம்ப்புக்கும் இடையே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது, சூட்டில் தயங்குவது. உங்கள் வண்டியில் இருப்பது டி.பி.ஏ. வகைச் சுழல் பம்ப். அதனுள்ளே இருக்கும் ரோட்டார் தேய்ந்தால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் அதன் பக்கவாட்டில் கசிந்து, நாசிலைத் திறக்கும் அழுத்தம் கிடைக்காமல் போகும். அப்படிப்பட்ட பம்ப் காலையில் நன்றாகப் பிடிக்கும், சூட்டில்தான் மறுக்கும். மறுக்கும்போது புகையும் வராது. உங்களுக்குக் காலையிலும் சிரமம், வெள்ளைப் புகையும் உண்டு. ஆகவே தேய்ந்த பம்ப்பின் குணம் இது அன்று. ஐயம் தீர வேண்டுமானால், பிள்ளையார்பட்டியில் வண்டி தயங்கும்போது, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, குழாய்கள் கிளம்பும் பம்ப்பின் பின் தலையில் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். அதன் பிறகு உடனே பிடித்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது. சூடான பம்ப்பின் மேல் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். உள்ளே மிக நெருக்கமாகப் பொருந்தியுள்ள பாகங்கள் ஒரு பக்கம் மட்டும் சட்டெனச் சுருங்கினால் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காகப் பம்ப்பின் டைமிங்கை, அதாவது டீசல் தெளிக்கும் நேரத்தை, திருப்பி வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். கம்ப்ரஷன் குறைந்த எஞ்சினில் டைமிங்கை முன்னே தள்ளினால் இரண்டு வாரம் சரியானதுபோல் இருக்கும்; பிறகு தட்டும் சத்தமும் பிஸ்டன் சேதமும்தான் மிஞ்சும். என் மேசைக்கு வந்த பம்ப்புகளில் எத்தனையோ, எந்தக் குறையும் இல்லாமலே கழற்றப்பட்டு வந்தவை. அவற்றைத் திருப்பி அனுப்பும்போது வண்டிக்காரருக்குச் சீல் உடைந்த பம்ப்பும் தீராத கோளாறும்தான் மிச்சமாயின.

பதில் – காரைக்குடியில் பட்டறை வைத்திருப்பவர்

ஐயா சொன்ன சோதனைகளை முதலில் செய்துவிடுங்கள். அவற்றில் ஒன்றும் தெரியாவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பட்டை நீங்களே வைக்கலாம். தேவைப்படுபவை பீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய இதழ்களின் கட்டு), ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, டேப்பட் கவருக்குப் புதிய கார்க் பேக்கிங், அவசரப்படாத மனம் ஆகியவைதாம்.

இந்த எஞ்சினுக்கு இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே இடைவெளி: குளிர்ந்த நிலையில் 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டர் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ). குளிர்ந்த நிலை என்றால் முதல் நாள் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமலே கழற்றுவது. காலையில் டீக்கடை வரை ஓட்டிப் போய்விட்டு வந்து வைப்பது அன்று. டேப்பட்டைத் தொடுவதற்கு முன்பு, கையேட்டில் உள்ள வரிசைப்படி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஹெட் நட்டுகளை, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து மீண்டும் முறுக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் செய்த வேலை வீண்: டேப்பட்டை வைத்துவிட்டு நட்டை முறுக்கினால் ஹெட் இன்னும் சற்று இறங்கி, வைத்த இடைவெளியை மறுபடி தின்றுவிடும்.

டேப்பட் வைக்க, டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளி எஞ்சினைச் சுற்ற வேண்டும். அதில் ஒரு அபாயம் உண்டு. பெட்ரோல் வண்டியில் சாவியை எடுத்துவிட்டால் எஞ்சின் பிடிக்காது. டீசல் வண்டி அப்படி அன்று. டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளினால், சாவி உங்கள் சட்டைப் பையில் இருந்தாலும் பிடித்து ஓடிவிடும். ஆகவே டீசலை நிறுத்தும் ஸ்டாப் குமிழை இழுத்தே வைத்திருங்கள். நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றி வைத்துவிடுங்கள். பிளக் இல்லாவிட்டால் கம்ப்ரஷன் தடுக்காது. ஒரு ஆள் தோளைக் கொடுத்தாலே வண்டி அங்குலம் அங்குலமாக நகரும். கானாடுகாத்தான் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் மேடுபள்ளமில்லாமலும் இருப்பது இந்த வேலைக்கு மிகவும் வசதி.

முன்பக்கத்திலிருந்து எண்ணினால் எட்டு வால்வுகள். ஒன்று, நான்கு, ஐந்து, எட்டு ஆகியவை எக்ஸாஸ்ட். இரண்டு, மூன்று, ஆறு, ஏழு ஆகியவை இன்டேக். எதை எப்போது வைப்பது என்பதற்கு ஒன்பது என்ற எண்ணை நினைவில் வையுங்கள். எந்த வால்வு முழுவதும் அமுங்கித் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வைக்க வேண்டிய வால்வு கிடைக்கும். எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. பிறகு இதே இணைகள் தலைகீழாக வரும். இப்படி வைத்தால், வைக்கும் வால்வின் கீழே கேமின் மேடு சற்றும் இராது என்பது உறுதி.

திருப்புவதற்கு முன்பு, எட்டு வால்வுகளும் இப்போது எத்தனை தௌவில் இருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் முன்பு காய்ச்சலை அளந்து எழுதுவது போன்றது அது. எழுதாமல் திருப்பிவிட்டால் கோளாறு எங்கே இருந்தது என்பது பிறகு எப்போதும் தெரியாது. வைக்கும்போது, லாக் நட்டைத் தளர்த்தி, 15 தௌ இதழை வால்வுத் தலைக்கும் ராக்கருக்கும் நடுவே விட்டு, ஸ்குருவைத் திருப்புளியால் திருப்புங்கள். இதழை இழுத்தால் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கிக்கொண்டு, ஆனால் ஒரு மெல்லிய பிடிப்போடு வர வேண்டும். தாராளமாக ஆடவும் கூடாது, வளைந்து சுருங்கவும் கூடாது. பிறகு திருப்புளியை அசையாமல் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். நட்டு இறுகும்போது ஸ்குருவும் இம்மியளவு உடன் திரும்பும். எனவே இறுக்கிய பிறகு இதழை மீண்டும் விட்டுப் பார்க்காமல் அடுத்த வால்வுக்குப் போகாதீர்கள். முதல் தடவை செய்பவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பதில் – தேவகோட்டையிலிருந்து, இதே வண்டி வைத்திருப்பவர்

அண்ணன் சொன்ன முறையில் ஒரு சேர்க்கை. உங்கள் வண்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ராக்கரின் மூக்கு, அதாவது வால்வுத் தலையில் படும் இடம், கட்டாயம் தேய்ந்திருக்கும். வால்வுத் தலையின் அகலத்துக்கு அங்கே ஒரு குழி விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். பீலர் இதழ் தட்டையானது. அது குழியின் மேல் பாலம்போல் கிடந்துவிடும். இதழ் 15 தௌ என்று காட்டும்போது உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். எனவே குழி உள்ள ராக்கரில் வைத்த பிறகும் சத்தம் வந்தால் அச்சப்பட வேண்டாம்; முக்கியமாக, அந்தச் சத்தத்தைக் கேட்டு மேலும் இறுக்கிவிட வேண்டாம். குழி ஆழமாக இருந்தால் ராக்கரை மாற்றுவதே முறை.

நான் அந்தத் தவற்றைச் செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன்பு என் வண்டியின் சத்தம் பொறுக்காமல், சூடான எஞ்சினிலேயே, காதால் கேட்டுக் கேட்டு டேப்பட்டுகளை இறுக்கினேன். தையல் இயந்திரம்போல் மென்மையாக ஓடியது. ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில் இழுவை குறைந்தது. வீட்டுக்கு வந்து ஹெட்டைக் கழற்றினால், ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் நகக்கண் அளவு கருகி உதிர்ந்திருந்தது. வால்வு தன் சூட்டைச் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது; உட்காரவே இடம் கொடுக்காவிட்டால் எரியாமல் என்ன செய்யும்? அந்த வால்வை இன்னும் என் மேசை மேல் வைத்திருக்கிறேன்.

கம்ப்ரஷன் பார்க்கப் போவதாக இருந்தால், டீசலுக்கென்றே உள்ள மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் வண்டி மீட்டர் இந்த அழுத்தத்தைத் தாங்காது. டேப்பட்டைத் திருப்புவதற்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் பார்த்தால் பலன் தெளிவாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. செய்தவற்றை ஒழுங்காக எழுதுகிறேன்.

கை நெம்புகோலை இருபது தடவை அடித்துப் பார்த்தேன், வேறுபாடு இல்லை. சூட்டில் ஈரத்துணி வைத்துப் பார்த்தேன். அதிலும் வேறுபாடு இல்லை. பம்ப்பைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது.

சனிக்கிழமை மாலை, டீசல் மீட்டர் வைத்திருக்கும் ஒருவரை அழைத்து வந்து கம்ப்ரஷன் எடுத்தோம். முன்பக்கத்திலிருந்து, சதுர சென்டிமீட்டருக்கு 24, 17, 21, 23 கிலோ. இரண்டாவது சிலிண்டரைப் பார்த்தபோது, செல்ஃப் சுற்றும் ஒவ்வொரு முறையும் சைலன்சர் வாயில் உஸ் என்ற ஒலி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் டேப்பட் கவரைத் திறந்தோம். பட்டறையில் போட்ட கார்க் பேக்கிங் ஒட்டுப் பசையோடு துண்டு துண்டாக வந்தது. அதைச் சுரண்டவே ஒரு மணி நேரம் ஆயிற்று. எட்டு வால்வுகளின் இடைவெளியை அளந்து எழுதியது இதுதான்: முதலாவது 5 தௌ, இரண்டாவது 9, மூன்றாவது 8, ஐந்தாவது 3, ஆறாவது 9, ஏழாவது 10, எட்டாவது 6. நான்காவது வால்வில், அதாவது இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்டில், என் பீலர் கேஜில் உள்ள மிக மெல்லிய இதழான ஒன்றரை தௌகூட நுழையவில்லை. ராக்கரைக் கையால் ஆட்டினால் மற்ற ஏழும் சிறிதேனும் ஆடின. அது மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் நின்றது.

பிறகு ஹெட் நட்டுகளை வரிசைப்படி முறுக்கினோம். பத்து நட்டுகளுக்கும் மேல், டார்க் ரெஞ்சு சொடுக்குவதற்கு முன்பு கால் சுற்று வரை திரும்பின. அதன் பின்பு ஒன்பது கணக்குப்படி எட்டையும் 15 தௌவில் வைத்தேன். சித்தப்பாவும் தம்பியும் வண்டியைத் தள்ள, நான் பானட்டுக்குள் குனிந்து நிறுத்தச் சொல்ல, கொட்டகையிலிருந்து தெருவின் பாதி வரை போய்விட்டோம். மூன்று ராக்கர்களில் தேவகோட்டை அண்ணன் சொன்ன குழி நகத்தில் தட்டுப்பட்டது, ஆனால் ஆழமில்லை.

திங்கட்கிழமை காலை ஹீட்டர் போட்டு இருபது நொடி காத்திருந்து செல்ஃப் அடித்தேன். மூன்று நொடியில் பிடித்தது. வெள்ளைப் புகை ஒரு கொத்து வந்து அடங்கியது. டேப்பட் சத்தம் திரும்பி வந்துவிட்டது. அப்பச்சி காலத்தில் வண்டி தெருமுனை திரும்பும்போதே ஆயா வாசலுக்கு வருவார்களே, அந்தச் சத்தம். மாலையில் கம்ப்ரஷன் மறுபடி எடுத்ததில் 26, 22, 25, 26 கிலோ. இரண்டாவது இன்னும் மற்றவற்றுக்குச் சமமாக வரவில்லை. அதில் சிறிது எண்ணெய் விட்டுப் பார்த்தால் கசிவது பிஸ்டன் ரிங்கா, வால்வா என்று தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார், செய்யலாமா?

பதில் – காரைக்குடியில் பட்டறை வைத்திருப்பவர்

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. எண்ணெய் விடும் சோதனை பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. இதில் செய்ய வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 372 சி.சி.; பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 17 சி.சி.தான். அதில் ஐந்து சி.சி. எண்ணெயை விட்டால், ரிங் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் ஏறத்தான் செய்யும். அந்த அளவை நம்ப முடியாது. அதிகம் விட்டுவிட்டால் எண்ணெய் இறுக இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும் ஆபத்தும் உண்டு.

உங்கள் விஷயத்தில் அந்தச் சோதனை தேவையுமில்லை. சைலன்சர் வாயில் கேட்ட ஒலியே அது எக்ஸாஸ்ட் வால்வு என்று சொல்லிவிட்டது. ரிங்காக இருந்தால் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் ஊதியிருக்கும். இடைவெளியில்லாமல் நான்கு மாதம் ஓடியதில் அந்த வால்வின் முகத்தில் சிறிது கருக்கு விழுந்திருக்கலாம். இப்போது உட்கார இடம் கிடைத்திருப்பதால் ஓட்டத்தில் தானாகவே ஓரளவு படிந்துவிடவும் கூடும். நோன்புக்கு ஆயாவைத் தயக்கமின்றி அழைத்துப் போங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும், காலையில் குளிர்ந்த எஞ்சினில் எட்டையும் மறுபடி அளந்து, இன்று எழுதிய அதே தாளில் பக்கத்தில் எழுதுங்கள். எல்லாம் ஒரு தௌ, இரண்டு தௌ குறைந்திருந்தால் கேஸ்கெட் இன்னும் அமுங்கியிருக்கிறது. திரும்ப 15-இல் வைத்தால் முடிந்தது. மற்ற ஏழும் அப்படியே இருந்து நான்காவது மட்டும் ஐந்தாறு தௌ குறைந்திருந்தால், அந்த வால்வின் சீட் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஹெட்டைக் கழற்றி அந்த ஒரு சீட்டை மட்டும் லேத் பட்டறையில் புதிதாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வண்டியைக் கொண்டு வரும்போது அந்தத் தாளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.